இருபத்து நான்கு கெண்டைகளும் ஒரு நீல டிரம்மும்

ஜவ்வாது மலையடிவாரத்தில் ஒரு மடம் இருந்தது. அதை நடத்திவந்த பூங்காவனம் அம்மாவுக்கு நாற்பத்திரண்டு வயது. அவரிடம் கடைசியாகச் சேர்ந்த சீடருக்கு அறுபத்தொன்று. பெயர் ஏகாம்பரம். தலைமைக் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர். மடத்தில் எல்லோரும் அவரை ஏட்டய்யா என்றே அழைத்தார்கள்.

அவருடைய சட்டைப் பையில் எப்போதும் ஒரு சிறிய நோட்டு இருக்கும். யார் வந்தார்கள், யார் போனார்கள், கையில் என்ன வைத்திருந்தார்கள் என்று தேதியும் நேரமும் போட்டு எழுதுவார். எழுதும்படி யாரும் அவரிடம் சொன்னதில்லை.

"எதுக்கு ஏட்டய்யா எழுதறீங்க?" என்று ஒரு நாள் அம்மா கேட்டார்.

"எழுதலன்னா சோறு இறங்க மாட்டேங்குதும்மா."

அம்மா அதற்கு மேல் கேட்கவில்லை.

அந்தச் சித்திரையில் மடத்துக் குளத்தைத் தூர் வாருவது என்று முடிவாயிற்று. இரண்டு மாத வேலை. குளத்தில் இருபத்து நான்கு கெண்டைகள் இருந்தன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். அவற்றை அதுவரை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, வேலூரில் தன் விடுதியை மூடிய ஒருவர் அங்கே இருந்த பெரிய கண்ணாடித் தொட்டியை மடத்துக்கு அனுப்பிவைத்தார். எட்டடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி உயரம். இரண்டாயிரம் லிட்டர் தண்ணீர் கொள்ளும். தியானக் கூடத்துக்கு வெளியே, தாழ்வாரத்தில் அதை வைத்தார்கள்.

தொட்டி வந்தது. ஃபில்டர் வரவில்லை.

வண்ண மீன் கடைக்காரர் ஒருவர் ஃபில்டர் ஒன்றை எடுத்துக்கொண்டு வந்தார். பளபளப்பான அட்டைப் பெட்டி.

"இது தாராளமா போதும்மா. டப்பாவுலயே போட்டிருக்கு பாருங்க. ரெண்டாயிரம் லிட்டர்."

ஏகாம்பரம் பெட்டியை வாங்கினார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நாலு பக்கமும் படித்தார்.

"போட்டிருக்கும்மா," என்றார்.

"இந்த ரெண்டாயிரம் தண்ணிக்கா, மீனுக்கா?" என்று அம்மா கேட்டார்.

"லிட்டர்னா தண்ணிக்குத்தானேம்மா."

"சாப்பிடறது மீன்தானே, தண்ணி இல்லையே."

கடைக்காரர் சிரித்தார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டார்.

அம்மா தோட்டத்துப் பக்கம் திரும்பி, "தணிகாசலம்," என்று கூப்பிட்டார்.

தணிகாசலம் மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தான். முப்பத்தைந்து வயது இருக்கும். மடத்துக்கு வந்து நாலு மாதம் ஆகியிருந்தது. ஸ்டோர் ரூம் சாவி அவனிடம்தான் இருந்தது. ஆற்காட்டுப் பக்கம் ஒரு வண்ண மீன் பண்ணையில் இரண்டு வருடம் வேலை பார்த்தவன். இது எல்லோருக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியாத ஒன்று ஏகாம்பரத்துக்குத் தெரியும். ஆறு வருடத்துக்கு முன்னால், வயல்வெளி மோட்டார்களில் செம்புக் கம்பி திருடுபோன வழக்கில், அவனை ஸ்டேஷனுக்கு இழுத்து வந்தவர் அவர்தான். இரண்டு நாள் வைத்திருந்தார்கள். சாட்சி இல்லை. விட்டுவிட்டார்கள்.

தணிகாசலம் ஃபில்டரைத் திறந்து உள்ளே கையை விட்டுப் பார்த்தான்.

"உள்ள இருக்கற கல்லு ரெண்டு படி கூட தேறாதும்மா. சின்ன மீன் விட்டா தாங்கும். இது கெண்டை. மாடு மாதிரி தின்னும். மாடு மாதிரியே போடும்."

"தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கும்பா," என்றார் கடைக்காரர்.

"இருக்கும். விஷம் கண்ணாடி மாதிரித்தான் இருக்கும்."

"வேற என்ன செய்யலாம்?" என்று அம்மா கேட்டார்.

"எரநூறு லிட்டர் டிரம் ஒண்ணு வேணும். அது நிறைய பாத்திரம் தேய்க்கற நைலான் நார், பொத்தல் பொத்தலா இருக்கற கல்லு. தொட்டித் தண்ணி மோட்டார்ல ஏறி அதுக்குள்ள பூந்து திரும்பி வரணும். வெறும் குப்பையப் புடிக்கறதுக்கு இல்லம்மா அது. மீனு போடறது தண்ணியில கரைஞ்சு விஷமாவும். கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க அந்த நார்ல, கல்லுல ஒட்டிக்கிட்டு வளந்து அந்த விஷத்தைத் தின்னும். அதுங்களுக்கு எவ்வளவு இடம் குடுக்கறமோ, அவ்வளவு மீனு பொழைக்கும்."

"எத்தனை நாள்ல வளரும்?" இது ஏகாம்பரம்.

"ஒரு மாசம் ஆவும் ஏட்டய்யா."

ஏகாம்பரம் நோட்டை எடுத்தார். "கண்ணுக்குத் தெரியாது. ஒரு மாசம் ஆகும்." எழுதி முடித்துவிட்டு நிமிர்ந்தார். "சாட்சி?"

"மீனுதான்."

"அடுத்த வாரம் குளத்துல தண்ணி இறைக்கணுமே," என்றார் அம்மா. "ஒரு மாசம் காத்திருக்க முடியாது."

"பண்ணையில ஃபில்டர்ல ஓடிட்டிருக்கற பழைய பஞ்சு ரெண்டு மூட்டை கேட்டு வாங்கியாறேன். அதுல அந்தக் கிருமிங்க ஏற்கெனவே ஊறிப்போய் இருக்கும். தயிருக்கு உறை ஊத்தற மாதிரிதான். டிரம்முக்குள்ள வெச்சிட்டா சீக்கிரம் புடிச்சுக்கும்."

"அப்படியே செய்," என்றார் அம்மா.

கடைக்காரர் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். போகும்போது ஏகாம்பரத்தைப் பார்த்து, நீங்களாவது சொல்லக் கூடாதா என்பதுபோல் தலையை ஆட்டினார்.

அவர் போனதும் ஏகாம்பரம் அம்மாவிடம் வந்தார்.

"அம்மா, அச்சடிச்சது ஒரு பக்கம். அவன் வாய்ப்பேச்சு ஒரு பக்கம். வாய்ப்பேச்சை எடுத்துக்கிட்டீங்க."

"ஆமா."

"எது போதும்னு எப்படிக் கண்டுபுடிச்சீங்க?"

அம்மா எழுந்து பின்பக்கம் நடந்தார். ஏகாம்பரமும் கூடப் போனார். கழிவறைகளுக்கு எதிரே அம்மா நின்றார்.

"இது எத்தனை இருக்கு ஏட்டய்யா?"

"ஆறு."

"நம்ம மடத்துல அறை?"

"பதினெட்டும்மா. மூணு அறைக்கு ஒண்ணுன்னு கணக்குப் பண்ணிக் கட்டியிருக்காங்க."

"பௌர்ணமி அன்னைக்கு ஏன் இங்க வரிசை நிக்குது?"

"அன்னைக்கு முந்நூறு பேர் சாப்பிடறாங்களேம்மா."

அம்மா திரும்பி நடந்தார்.

டிரம் வந்தது. நீல நிறம். தணிகாசலம் அதைத் தொட்டிக்குப் பக்கத்தில் மேடைபோட்டு நிறுத்தினான். நாரும் கல்லும் அடுக்கினான். பண்ணையிலிருந்து ஈரச் சாக்கு இரண்டில் பஞ்சு வந்தது. ஏகாம்பரம் சாக்கை விரித்துப் பார்த்தார். பஞ்சு முழுதும் கறுப்பாக, வழவழவென்று இருந்தது.

"நாறுதே."

"மண்ணு வாசனை ஏட்டய்யா. நாறினாத்தான் தப்பு."

அதையெல்லாம் உள்ளே வைத்து மூடிய பிறகு, தணிகாசலம் மூடிமேல் வெள்ளைப் பெயின்டால் எழுதினான்: திறக்கக் கூடாது.

ஏகாம்பரம் அந்த எழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருபத்தெட்டு வருட வேலையில், திறக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட எதையும் அவர் திறக்காமல் விட்டதில்லை.

மீன்களைத் தொட்டிக்கு மாற்றினார்கள். தணிகாசலம் தினமும் காலையில் ஒரு சின்னக் கண்ணாடிக் குழாயில் தொட்டித் தண்ணீரை எடுத்து, அதில் மருந்துச் சொட்டு விட்டுப் பார்ப்பான். மஞ்சளாக இருந்தால் நல்லது. பச்சையானால் விஷம். பத்து நாளும் மஞ்சளாகவே இருந்தது. மீன்கள் நன்றாகத் தின்றன. ஏகாம்பரம் சற்றுத் தள்ளி ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, மீன்களைப் பார்க்காமல் தணிகாசலத்தைப் பார்த்தார்.

"மீனு அந்தப் பக்கம் இருக்குது ஏட்டய்யா," என்பான் தணிகாசலம்.

"தெரியும்."

இரண்டாவது வாரம் வியாழக்கிழமை, தங்கைக்கு உடம்பு சரியில்லை என்று செய்தி வந்து அம்மா தருமபுரிக்குப் போனார்.

மறுநாள் வெள்ளி. மடத்தில் ஒரு பழைய ஒழுங்கு உண்டு. தண்ணீர் நிற்கும் எந்தப் பாத்திரத்தையும் ஏழு நாளுக்கு மேல் கழுவாமல் விடக் கூடாது. வெள்ளிக்கிழமை அண்டா, குடம், தொட்டி எல்லாவற்றையும் காலி செய்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, வெயிலில் காயவைப்பார்கள். ஆளுக்கொரு வாரம் முறை. போன வெள்ளிக்கிழமை முறைக்காரர் நீல டிரம்மின் மூடியில் எழுதியிருந்ததைப் படித்துவிட்டு விலகிப் போயிருந்தார்.

இந்த வாரம் ஏகாம்பரத்தின் முறை. தணிகாசலம் குளத்தில் சேறு அள்ளிக்கொண்டிருந்தான்.

ஏகாம்பரம் அண்டாக்களைக் கழுவினார். குடங்களைக் கழுவினார். பிறகு டிரம்முக்கு முன்னால் வந்து நின்றார். மடத்தின் ஒழுங்கு பெரிதா, நாலு மாதத்துக்கு முன்னால் வந்தவன் பெயின்டில் எழுதியது பெரிதா? மோட்டாரை நிறுத்திவிட்டு மூடியைத் திறந்தார்.

முதலில் தேடினார். பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்து, அடியில் கைவிட்டுத் துழாவினார். செம்புக் கம்பியோ வேறெதுவுமோ அகப்படவில்லை. அழுக்கு மட்டும்தான் இருந்தது. கை முழங்கை வரை கறுப்பானது. இவ்வளவு அழுக்கு வழியாகத்தான் மீன்கள் குடிக்கும் தண்ணீர் ஓடுகிறது என்று நினைத்தபோது அவருக்குக் கோபம் வந்தது.

மூன்று மணி நேரம் கழுவினார். நாரும் கல்லும் பஞ்சும் புதிதுபோல ஆயின. பிளீச்சிங் வாடை போகும்வரை நாலு தண்ணீர் அலசினார். வெயிலில் காயவைத்தார். மறுபடி அடுக்கி, மூடி, மோட்டாரைப் போட்டார். தொட்டியில் மட்டும் மீன்கள் இருந்ததால் கைவைக்கவில்லை. நோட்டில் எழுதினார். அன்று அவருக்குச் சோறு நன்றாக இறங்கியது.

ஞாயிறு காலை மூன்று மீன்கள் செத்து மிதந்தன. மற்றவை தண்ணீரின் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின.

தணிகாசலம் குழாயில் தண்ணீர் எடுத்துச் சொட்டு விட்டான். பச்சையானது.

"டிரம்முக்குள்ள என்னமோ ஆயிருக்குது," என்றான். "தொறந்து பாக்கணும்."

"நீதானே திறக்கக் கூடாதுன்னு எழுதின?"

"எழுதினேன். இப்ப பாக்கணும்."

"எதுக்கு? தடயத்தை அழிக்கவா?"

தணிகாசலம் அவரைப் பார்த்தான். "இன்னா தடயம் ஏட்டய்யா? மீனுக்கு மூச்சு முட்டுது."

"நேத்து டவுனுக்குப் போனியே, என்ன வாங்கிட்டு வந்த?"

"பீடி."

"வேற?"

"தீப்பெட்டி."

ஏகாம்பரம் எழுதிக்கொண்டார். "அம்மா வர்ற வரைக்கும் நீ தொட்டிப் பக்கம் வரக் கூடாது. டிரம்மைத் தொடக் கூடாது."

திங்கட்கிழமை இரண்டு மீன்கள் செத்தன. மத்தியானம் ஏகாம்பரம் தோட்டத்துக்குப் போனார்.

"என்னை உனக்கு ஞாபகம் இருக்கா?"

"வந்த அன்னைக்கே தெரிஞ்சுது ஏட்டய்யா."

"அம்மா கேட்டா நான் எல்லாத்தையும் சொல்ல வேண்டி வரும். அதுக்கு முன்னாடி நீயா போயிட்டா உனக்கு மரியாதை."

தணிகாசலம் கையில் இருந்த செடியை நட்டு முடித்தான். மண்ணை அழுத்தினான். எழுந்து கை கழுவினான். அவனுக்கு ஊரில் வீடு இல்லை. அது ஏகாம்பரத்துக்கும் தெரியும்.

"போறேன். தினம் மூணுல ஒரு பங்கு தண்ணிய எடுத்துட்டு கிணத்துத் தண்ணி ஊத்துங்க. தீனி போடாதீங்க. மூணு வாரம் பட்டினி கெடந்தாலும் இந்த மீனு சாவாது."

அவன் பையை எடுத்துக்கொண்டு போவதை ஏகாம்பரம் கேட்வரை வந்து பார்த்தார். நேரம் எழுதினார். பிறகு யோசித்தார். மீன்களைப் பட்டினி போடச் சொல்கிறான். எதற்கு? அவர் மீன்களுக்கு வழக்கத்தைவிட ஒரு பிடி கூடுதலாகவே தீனி போட்டார்.

செவ்வாய்க்கிழமை நாலு மீன்கள் செத்தன.

ஏகாம்பரம் நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைப் புரட்டினார். சந்தேகத்துக்குரிய ஆள் ஊரிலேயே இல்லை. சாவு கூடுகிறது. அவருடைய வேலைக்காலத்தில் இப்படி ஒரு வழக்கு வந்ததில்லை. அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புதன்கிழமை காலை அம்மா வந்தார். நேராகத் தொட்டிக்கு வந்து நின்றார். ஏகாம்பரம் பக்கத்தில் விறைப்பாக நின்றார்.

"எத்தனை?"

"ஒம்பது போச்சும்மா. பதினஞ்சு இருக்கு."

"தணிகாசலம்?"

"போயிட்டான்."

"போனானா?"

"போகச் சொன்னேன்."

அம்மா தாழ்வாரத்துப் படியில் உட்கார்ந்தார். "நான் போன நாள்லேருந்து படிங்க," என்றார்.

ஏகாம்பரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். "வியாழன். காலை ஆறு பத்து. தணிகாசலம் தீனி போட்டான். இரண்டு பிடி. பாட்டு ஒன்றை முணுமுணுத்தான். என்ன பாட்டு என்று தெரியவில்லை."

"ம்."

"வெள்ளி. காலை எட்டு. மடத்து ஒழுங்குப்படி நீர்ப் பாத்திரங்கள் கழுவப்பட்டன. அண்டா நாலு. குடம் பதினொன்று. நீல டிரம் ஒன்று. உள்ளே சேர்ந்திருந்த கறுப்பு அழுக்கு பிளீச்சிங் பவுடர் போட்டு..."

குரல் இறங்கியது. நின்றுவிட்டது.

"படிங்க."

"...முழுவதும் அகற்றப்பட்டது. நாலு முறை அலசி வெயிலில் காயவைக்கப்பட்டது."

"யார் கழுவினதுன்னு போடலியா?"

"இல்லம்மா."

"மத்தவங்க பேரெல்லாம் இருக்கே."

ஏகாம்பரம் நோட்டை மூடினார். ஒரு மீன் மேலே வந்து வாயைத் திறந்தது.

"நான் போய் அவனைக் கூட்டிட்டு வரேன்," என்றார்.

"வருவானா?"

"தெரியலம்மா."

"சரி. தீனியை நிறுத்தறேன். தண்ணி மாத்தறேன். போயிட்டு வாங்க."

ஆற்காட்டுப் பக்கத்துப் பண்ணையில் தணிகாசலம் வலை அலசிக்கொண்டிருந்தான். ஏகாம்பரத்தைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா ஏட்டய்யா, அரெஸ்ட் பண்ண வந்தீங்களா?"

"டிரம்மைக் கழுவினது நான்."

வலை அலசும் கை நின்றது. "எதுல?"

"பிளீச்சிங் பவுடர்ல."

"காய வெச்சீங்களா?"

"வெச்சேன்."

தணிகாசலம் குந்தியபடியே தரையைப் பார்த்தான்.

"தீனி?"

"போட்டேன். ஒரு பிடி அதிகமா."

"எத்தினி இருக்குது?"

"நான் கிளம்பும்போது பதினஞ்சு."

அவன் எழுந்து ஒரு தொட்டிக்குப் போனான். அதன் ஃபில்டரிலிருந்து கறுப்புப் பஞ்சுகளை எடுத்து இரண்டு வாளிகளில் போட்டான். அதே தொட்டித் தண்ணீரை ஊற்றினான். ஒரு வாளியை ஏகாம்பரத்திடம் நீட்டினான்.

"காயக் கூடாது. கழுவக் கூடாது. இறுக்கி மூடக் கூடாது, மூச்சு முட்டும்."

"இதுக்குள்ள இருக்கறதுக்குமா?"

"அதுங்களுக்கும்தான்."

பேருந்தில் ஏகாம்பரம் வாளியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வேட்டியில் கறுப்புத் தண்ணீர் சொட்டியது. நடத்துநர் வந்து நின்று மூக்கைச் சுளித்தார்.

"பெரியவரே, வாளியில என்ன?"

"பஞ்சு."

"பஞ்சு வெள்ளையால்ல இருக்கும்?"

"அழுக்குப் பஞ்சு."

"அழுக்கைத் தூக்கிக்கிட்டு பஸ்ல போறீங்களா? எங்க?"

"மடத்துக்கு."

பின்சீட்டில் இருந்த ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். "அடியில கைவிட்டுப் பாருப்பா. சாராய பாக்கெட்டா இருக்கப் போவுது."

"கையை விடாதீங்க," என்றார் ஏகாம்பரம். வாளியை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டார்.

"ஏன், விட்டா என்ன?"

"கை சுத்தமா இருக்கா உங்களுக்கு?"

நடத்துநரின் முகம் மாறியது. "யோவ், எறங்குய்யா."

"நான் போலீஸ்ல இருந்தவன்."

"எல்லாரும் இதையேதான் சொல்றாங்க."

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த தணிகாசலம் திரும்பினான். "உடுப்பா. எனக்குத் தெரிஞ்சவருதான். ஒண்ணும் தப்பா எடுத்தாந்திருக்க மாட்டாரு. லக்கேஜ் டிக்கெட் ரெண்டு போடு."

நடத்துநர் அவனை ஒருமுறை பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு முன்னால் போனார்.

பேருந்து இரண்டு ஊர் தாண்டியது. ஏகாம்பரம் வாளியைப் பார்த்தபடியே கேட்டார்.

"அந்தச் செம்புக் கம்பி."

"எடுத்தேன்."

ஏகாம்பரம் நிமிர்ந்தார். "அன்னைக்கு இல்லன்னு சொன்ன."

"அன்னைக்கு அடிச்சீங்க. இன்னைக்குக் கேட்டீங்க."

மடம் வரும்வரை ஏகாம்பரம் வாளியை மடியிலிருந்து இறக்கவில்லை.

அவர்கள் வந்தபோது பதினான்கு மீன்கள் இருந்தன. தணிகாசலம் பஞ்சைப் பழைய டிரம்மில் வைத்தான். இன்னொரு டிரம் கேட்டான்.

"ஒண்ணு போதும்னுதானே சொன்ன?" என்றார் ஏகாம்பரம்.

"மீனுக்கு ஒண்ணு போதும். ஒண்ணுல யாருனா கைய உட்டுட்டா, இன்னொண்ணு நிக்கணுமில்ல?"

யாருனா என்று சொன்னபோது அவன் யாரையும் பார்க்கவில்லை. ஏகாம்பரம் போய் டிரம் வாங்கி வந்தார்.

முதல் வாரம் சொட்டு விட்ட தண்ணீர் பச்சையாகவே இருந்தது. ஏகாம்பரம் தினமும் கிணற்றிலிருந்து குடம் குடமாகக் கொண்டுவந்து மாற்றினார். முதுகு வலித்தது. யாரையும் உதவிக்குக் கூப்பிடவில்லை. இரண்டாவது வாரம் பச்சை வெளிறியது. மூன்றாவது வாரம் ஒரு காலை, தணிகாசலம் குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டினான். மஞ்சள். அன்று முதன்முறையாக அரைப் பிடி தீனி போட்டான். பதினான்கு மீன்களும் வந்து தின்றன.

அந்த மூன்று வாரமும் வெள்ளிக்கிழமை முறைக்காரர்கள் இரண்டு டிரம்களையும் சுற்றி நடந்து போனார்கள்.

அன்று மாலை அம்மா தாழ்வாரத்தில் வந்து உட்கார்ந்தார். ஏகாம்பரம் எதிரே தரையில் உட்கார்ந்தார். தணிகாசலம் தூரத்தில் குளத்துக் கரையில் இருந்தான். அவன் காதில் விழாது என்று தெரிந்துகொண்டு ஏகாம்பரம் சொன்னார்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு மறைச்சு வெச்சிருந்தேன். ஆறு வருசத்துக்கு முன்னாடி ஒரு கம்பித் திருட்டு. அவனைப் புடிச்சிட்டு வந்தது நான்தான். சாட்சி இல்லாம விட்டோம். இப்ப பஸ்ல வரும்போது கேட்டேன். எடுத்தது நான்தான்னு அவனே சொல்லிட்டான்."

"என்கிட்டயும் சொன்னான். வந்த அன்னைக்கே."

ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தெரிஞ்சுமா ஸ்டோர் ரூம் சாவியக் குடுத்தீங்க?"

"ஆமா."

"அப்ப அவன் மேல எனக்கு வந்த சந்தேகம் சரியான சந்தேகம்தானேம்மா?"

"சரியான சந்தேகம்தான்."

"நான் புடிச்ச ஆளு தப்பில்ல. நான் நெனச்சதும் தப்பில்ல."

"தப்பில்ல."

"அப்புறம் எங்கம்மா தப்பாச்சு?"

அம்மா தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மீன்கள் ஒரே திசையில் மெதுவாகத் திரும்பிக்கொண்டிருந்தன.

"பத்து மீன் செத்துச்சு ஏட்டய்யா. உங்க சந்தேகம் சரியா இருந்ததால எத்தனை மீன் பொழச்சுது?"

ஏகாம்பரம் தொட்டிப் பக்கம் திரும்பினார். உதடு அசைய எண்ணத் தொடங்கினார். பாதியில் நிறுத்திவிட்டார்.